பாலினப் பங்கு பற்றிய சமூகவியல் கோட்பாடுகளும் சங்கப் பாடல்களின் கூற்றும்

ஆணுக்கு இன்ன பணி, பெண்ணுக்கு இன்ன பணி என்னும் பகுப்பு எவ்வாறு தோன்றிற்று, எதனால் நிலைபெற்றது என்னும் வினாவுக்குச் சமூகவியல் பல விடைகளை வழங்கியுள்ளது. அவ்விடைகளைக் கொண்டு சங்க இலக்கியத்தை அணுகும் ஆய்வுகள் தமிழில் மிகுந்துள்ளன. அவற்றுட் பல, பாடல்களில் காணப்படும் நெறியுரைகளைத் தொகுத்துச் ‘சங்ககாலப் பெண்டிர் நிலை’ எனத் தலைப்பிட்டு அமைகின்றன. சொல்லப்பட்ட நெறி, வாழப்பட்ட வாழ்க்கையாகவே கொள்ளப்படுகிறது. இம்முறை எத்துணைப் பொருந்தும் என்பதை மூன்று பாடல்களின் வழி மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயற்பாட்டுக் கோட்பாடு

தால்காட் பார்சன்ஸ், இராபர்ட் பேல்ஸ் ஆகியோர் 1955இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய நூலில், குடும்பம் நிலைபெற இருவகைப் பங்குகள் தேவை என்றனர். புறவுலகோடு தொடர்புகொண்டு பொருளீட்டுவது ஒன்று. இல்லத்தாரின் உணர்வுகளைப் பேணிக் காப்பது மற்றொன்று. முன்னது கணவனுக்கும் பின்னது மனைவிக்கும் உரியன எனப்பட்டன. அக்கால அமெரிக்க நடுத்தர வர்க்கக் குடும்பத்தை அளவுகோலாகக் கொண்டு எழுந்த கருத்து இது.

இக்கருத்துக்கு மிக அணுக்கமாகத் தோன்றுவது பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 135ஆம் பாடல். ஆடவர்க்குத் தொழில் உயிர். இல்லுறை மகளிர்க்கு ஆடவரே உயிர் என்பது அதில் இடம்பெறும் நெறி. இந்நெறியை மட்டும் பிரித்தெடுத்துப் பார்சன்ஸின் கொள்கைக்குச் சான்றாக்குவது எளிது. ஆயின், பாடல் அங்கு முடியவில்லை. பேசுபவள் தோழி, கேட்பவள் பிரிவஞ்சும் தலைவி. அந்நெறியை உரைத்தவர் தலைவரே என்று தோழி சுட்டுகிறாள்; ஆதலால் அவர் பிரியமாட்டார், அழாதே எனத் தேற்றுகிறாள். ஆணின் வாயிற் பிறந்த நெறி, ஆணைத் தடுக்கும் வாதமாகத் திரும்புகிறது. மகளிர்க்குத் தானே உயிர் என்று சொன்னவன் அவ்வுயிரைப் பிரித்தெடுத்துச் செல்லலாகாது என்பது அவ்வாதத்தின் உட்பொருள். நெறியைக் கண்ட செயற்பாட்டுக் கோட்பாட்டுக்கு அந்நெறி கையாளப்படும் முறையைக் காண இயலவில்லை.

துருக்கிய ஆய்வாளர் தெனிஸ் கண்டியோட்டி 1988இல் முன்வைத்த ‘ஆணாதிக்கத்தோடு பேரம்’ என்னும் கருத்து இவ்விடத்தில் துணைசெய்கிறது. பெண்கள் தம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்குள் நின்றே, அவ்விதிகளைக் கொண்டு தமக்குரிய பாதுகாப்பைப் பெற முயல்கின்றனர் என்பது அவர் கருத்து. தோழியின் வாதம் அத்தகைய பேரமே. எனினும், பேரம் பேசுவோர் இருவரும் சமநிலையினர் அல்லர் என்பதும் உடன் கருதத்தக்கது. பிரியும் உரிமை ஒருவர்க்கே உண்டு.

முரண்பாட்டுக் கோட்பாடு

பிரெடரிக் எங்கெல்ஸ் 1884இல் வெளிவந்த நூலில், பெண்ணின் தாழ்நிலையைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு இணைத்தார். ‘இப்பகுப்பால் பயன் பெறுவோர் யார்?’ என்னும் வினாவை எழுப்பியது இவ்வழியின் சிறப்பு. பெண்பாற் புலவராகக் கருதப்படும் பொன்முடியாரின் புறநானூறு 312ஆம் பாடலில் இவ்வினா பயன் தருகிறது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் எனக் கடன்கள் அங்கு வரிசைப்படுகின்றன. செயற்பாட்டு நோக்கில் இஃது ஓருடலின் உறுப்புகள் ஒத்தியங்கும் காட்சி. முரண்பாட்டு நோக்கிலோ, ஐந்து கடன்களும் போர்க்களம் என்னும் ஒரே முனையில் குவிகின்றன. பயன் வேந்தனைச் சேர்கிறது. இவ்வரிசையில் மகளுக்கு இடமில்லை என்பதும் நோக்கத்தக்கது. பெண் இங்கு ஆண்மக்களை ஈன்று பேணுபவளாக மட்டுமே இடம்பெறுகிறாள்.

எனினும், சொத்துறவு ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடாது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூறு 246ஆம் பாடலில், தீப்பாய முனைந்த அவள், தடுத்த சான்றோரைக் கடிந்துரைக்கிறாள். நெய்யற்ற நீர்ச்சோறு, வேளைக்கீரை, பாயின்றிப் பரற்கல் மேற் படுக்கை எனக் கைம்மை நோன்பு அதில் விரிக்கப்படுகிறது. அவ்வாழ்வினும் ஈமத்தீ இனிது என்பது அவள் முடிபு. இந்நோன்பு குடும்பத்தின் எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது? பார்சன்ஸிடம் இதற்கு விடையில்லை. பெண்ணுடலின் மீதான கட்டுப்பாட்டைத் தனியொரு காரணியாகக் கொண்ட பெண்ணியச் சமூகவியலே இவ்விடத்தில் விளக்கம் தருகிறது. சாதித் தூய்மையும் நிலவுரிமையும் காக்கப்பட மேற்சாதிப் பெண்களின் பாலுறவு கட்டுப்படுத்தப்பட்டதென உமா சக்கரவர்த்தி 1993இல் விளக்கினார். அவ்விளக்கம் வட இந்தியப் பண்டைச் சமூகத்தை முதன்மையாகக் கொண்டது. சாதியமைப்பு வேறாக இருந்த சங்கச் சூழலுக்கு அதனை அப்படியே பொருத்துதல் பிழையாகும். பேகன் மனைவி கண்ணகி துறக்கப்பட்டமையும் பெருங்கோப்பெண்டின் தீப்பாய்தலும் ஒரே காரணத்தால் விளைந்தன எனக் கொள்ளவும் இயலாது.

கூற்று என்னும் கருவி

‘பெண்ணின் பங்கு யாது?’ என வினவும் ஆய்வு நெறியோடு நின்றுவிடுகிறது. ‘அந்நெறியை யார், யாரிடம், எதன்பொருட்டுக் கூறுகின்றனர்?’ என வினவும் ஆய்வே சமத்துவமின்மையைத் தொடுகிறது. இவ்வினாவுக்குரிய கருவியைத் தமிழாய்வாளர் அயலிலிருந்து பெற வேண்டுவதில்லை. கூற்று, கேட்போர், களன், பயன் ஆகியவற்றைச் செய்யுளுறுப்புகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. பாலினம் என்பது அன்றாடச் செயல்களில் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுவது எனக் கேண்டேஸ் வெஸ்ட், டான் சிம்மர்மேன் ஆகியோர் 1987இல் கூறிய கருத்துக்கு இக்கருவி இயைபுடையது. ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. தோழி கூற்று என்பதனாலேயே அது பெண்ணின் குரலாகிவிடாது. குறுந்தொகை 135ஐப் பாடியவர் ஆணே.

முடிவுரை

நெறியுரையை வாழ்க்கையாகக் கொள்ளும் பிழை பழம்பாடலாய்வில் மட்டும் தீங்கு செய்வதன்று. 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டு அளவீட்டின்படி, ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024இல் அவை முறையே 289, 88 எனக் குறைந்தன. இவ்வேறுபாட்டைப் ‘பண்பாட்டு மரபு’ எனப் பெயரிட்டு அமைதி கொள்வோர்க்குச் சங்கப் பாடல்கள் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. அப்பாடல்களோ நெறியைச் சொன்னவர் இன்னார் என்பதையும், அது எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதையும் உடன் காட்டுகின்றன. நெறியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூறியவரையும் கேட்டவரையும் விடுத்து எழுதப்படும் ஆய்வு, பார்சன்ஸின் பெயரைச் சொல்லாமலேயே அவர் வழியைப் பின்பற்றுகிறது எனலாம்.