56 ஈக்கள்

"ஏன் தம்பி, பேனர் பூரா ஈ உக்காந்திருக்கு?" என்று கல்யாணப் பெண்ணின் மாமா கேட்ட பிறகுதான் நானே பார்த்தேன். 10 அடிக்கு 8 அடி வரவேற்பு பேனர். பின்னணிக்குச் சணல் சாக்கு டெக்ஸ்சர் போட்டிருந்தேன். இலவசமாக இறக்கியது, 1024 பிக்சல் சதுரம், ஃபைல் பெயரிலேயே 'சீம்லெஸ்'. அது பொய்யில்லை, எந்த ஓரத்திலும் ஒட்டு தெரியவில்லை. ஆனால் சணலில் ஒரு கறுத்த முடிச்சு இருந்தது. ஃப்ளெக்ஸுக்கு 72 டிபிஐயில் வைத்தால் அந்தச் சதுரம் 14 அங்குலம்தான். அகலத்துக்கு 8, உயரத்துக்கு 7 என்று போட்டாலே 56 முடிச்சு, வரிசை பிசகாமல். நூறு சதவீதத்தில் வைத்தே வேலை பார்த்த எனக்கு ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன.

அன்றிலிருந்து இலவச பேட்டர்ன்களோடுதான் குடித்தனம். பாலி ஹேவன், ஆம்பியண்ட்சிஜி என்ற இரண்டு தளங்களையும் யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். சிசி0 உரிமம்: பெயர் போட வேண்டாம், காசு வாங்கிச் செய்யும் வேலையிலும் பயன்படுத்தலாம். 3டி ஆட்களுக்காகச் செய்தவை என்பதால் ஜிப்பைப் பிரித்தால் ஊதாவும் சாம்பலுமாக நார்மல், ரஃப்னஸ் படங்களும் கொட்டும். நமக்குக் கலர் படம் மட்டும் போதும். கோட்டு டிசைன் வேண்டுமென்றால் ஹீரோ பேட்டர்ன்ஸ். எஸ்விஜி என்பதால் எவ்வளவு இழுத்தாலும் உடையாது. ஆனால் அது பெயர் குறிப்பிடச் சொல்லும் உரிமம். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் எங்கே போய் அதைச் சேர்ப்பது?

மற்ற பல இடங்களில் 'சீம்லெஸ்' என்பது வெறும் லேபிள். செக் சட்டையில் கட்டம் சேராமல் பாக்கெட் தைத்த மாதிரி இருக்கும். கிம்ப் மென்பொருளில் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தி, ஆஃப்செட்டைப் பாதி அகலம் பாதி உயரத்துக்கு வைத்தால் ஓரமெல்லாம் நடுவுக்கு வந்துவிடும். ஒட்டு இருந்தால் கூட்டல் குறி போலக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஈ இந்தச் சோதனையில் சிக்காது. ஜன்னலோரம் வைத்து எடுத்த படத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்து, ஓரத்தை மட்டும் கலந்து மறைத்திருந்தால் அதுவும் சிக்காது. விரித்தால்தான் பட்டை பட்டையாகத் தெரியும்.

அதற்கு மருந்து கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஒரே ஒரு எழுத்து. டபிள்யூவைத் தட்டினால் படம் நாலாபக்கமும் முடிவில்லாமல் பரவுகிறது. 2014-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி. நான்தான் இத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஜூமைக் குறைத்தால் ஈக்கள் அத்தனையும் அணிவகுத்து நிற்கும். அப்படியே குளோன் பிரஷ்ஷை எடுத்து எந்த முடிச்சின் மேல் தேய்த்தாலும் எல்லா முடிச்சும் ஒரே சமயத்தில் மறைகின்றன. முதல் தடவை சும்மாவே பத்து நிமிஷம் அழிப்பதும் அன்டூ செய்வதுமாக விளையாடிக்கொண்டிருந்தேன். அணைக்க மறந்துவிட்டு வேறு வேலையைத் தொடங்கினால் வலது ஓரம் தாண்டிப் போட்ட கோடு இடது ஓரத்தில் முளைக்கும். அது என் மறதி.

ஒரு சங்கடம், முடிச்சு போனதும் அதுவரை கண்ணில் படாத வெளுத்த நார் ஒன்று அடுத்த ஈயாகிவிடுகிறது. அதை எடுத்தால் பக்கத்தில் ஒரு பிசிறு. எல்லாவற்றையும் எடுத்தால் அது சணலே இல்லை, காக்கித் துணி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்று பார்க்கிறேன். எதுவும் தனியாக எழுந்து நிற்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுகிறேன்.

அந்தச் சணலையும் இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன். போன வாரம் அதே மாமா வந்தார், வளைகாப்பு பேனருக்கு. ஆசையாகத் திறந்து காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "எதுக்கு தம்பி வம்பு, பிளெயின் ரோஸ் கலரே போட்ருங்க" என்றார்.