இணையவழித் திரைப்பட வாடகையும் உழைப்பின் கணக்கும்

இணையவழித் திரைப்பட வாடகை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் திரையரங்குகளின் நலிவு, இரசனை மாற்றம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. இவை புறக்கணிக்கத்தக்கவையல்ல. எனினும் மாற்றத்தின் அடித்தளத்தைப் பண்டத்தின் உடைமையிலேயே நாம் தேடவேண்டியுள்ளது.

1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் நெற்பிளிக்ஸ் இறுவட்டுகளை அஞ்சல்மூலம் வாடகைக்கு விடத் தொடங்கியபோது அது வெறும் வணிக மூலதனமாகவே இருந்தது. அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையாக வாங்கிய இறுவட்டை வாடகைக்கு விடுவதற்குத் தயாரிப்பாளரின் அனுமதி வேண்டியதில்லை. 2007 இல் படங்களை இணையத்தினூடே நேரடியாகக் காட்டத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. கையிற் கிடைக்கும் பொருள் மறைந்து, உரிமம் மட்டுமே எஞ்சியது. உரிமம் உடையவர் விலையை உயர்த்தலாம். தர மறுக்கவும் செய்யலாம். ஸ்ரார்ஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தம் 2012 பெப்ரவரியில் முடிவுற்றபோது, அதன்வழி வந்த டிஸ்னி படங்கள் பல ஒருசேர அகன்றன. வாடகை வணிகர் தயாரிப்பு முதலாளியாக மாறியமைக்கு இந்நெருக்கடி ஒரு முக்கிய காரணம் என்பது எமது கருத்து. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'தி ஐரிஷ்மன்' (2019) போன்ற படத்துக்கு முதலிட்டதும் இந்நிறுவனமே என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயின் உழைப்பாளர் பங்கு யாதாயிற்று? 1960 இல் ஹொலிவூட் எழுத்தாளரும் நடிகரும் வேலைநிறுத்தம் செய்து, தொலைக்காட்சியிற் காட்டப்படும் திரைப்படங்களுக்குத் தொடர் கொடுப்பனவை வென்றெடுத்தனர். வீடியோ கசெற்றும் இறுவட்டும் வந்தபோது விற்பனை வருவாயில் ஒரு சிறு வீதமேனும் கிடைத்தது. இணையவழியிலோ, எத்தனைபேர் பார்த்தாலும் மாறாத ஒரு தொகையே வழங்கப்பட்டது. பார்த்தோர் தொகையை நிறுவனம் மட்டுமே அறிந்திருந்தது. அந்நியமாதல் என்ற சொல்லை எமது விமர்சகர்கள் மனச்சோர்வு அனைத்துக்கும் வழங்கிவருகின்றனர். தன் உழைப்பின் விளைவு எங்கே, எவ்வளவு நுகரப்படுகிறதென்று படைத்தவனே அறியமுடியாத இந்நிலைக்கே அது மிகப் பொருந்தும்.

2023 இல் எழுத்தாளர் 148 நாட்களும் நடிகர் 118 நாட்களும் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையப் பிரச்சினைகளுள் இதுவும் ஒன்று. எழுத்தாளர் பெற்ற ஒப்பந்தப்படி, உயர்செலவிற் தயாரான ஒரு படைப்பை உள்நாட்டுச் சந்தாதாரருள் 20 வீதத்தினர் முதல் 90 நாட்களுக்குள் பார்த்திருந்தால் மேலதிகக் கொடுப்பனவு உண்டு. அவ்வெல்லையை எட்டாதவற்றுக்கு இல்லை. பார்வை நேரக் கணக்கு தொழிற்சங்கத்துக்கு இரகசியமாகவே வழங்கப்படும். உறுப்பினருக்குத் திரட்டிய வடிவில் மட்டுமே சங்கம் அதனைத் தெரிவிக்கலாம். அவ்வாண்டு டிசெம்பரில் நெற்பிளிக்ஸ் 18,000 இற்கு மேற்பட்ட படைப்புகளின் பார்வை நேரங்களைத் தானே வெளியிட்டது. அவ்வறிக்கையில் மணித்தியாலங்கள் உள்ளன, வருவாய் இல்லை.