மணவறைக்கு வெளியே: கிராமத்துக் கலியாணமும் கமெராவும்

கலியாணப் புகைப்படத்தை விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. நாவலையும் நாடகத்தையும் சமூக நோக்கிலே ஆராயும் நாம், வீடுதோறும் பேணப்படும் கலியாண அல்பத்தைக் குடும்ப விடயமென ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும், ஒரு சமூகம் தன் மகிழ்ச்சிக்கு உரியவராக யாரைக் கொள்கின்றது என்பதை அதனைப்போற் புலப்படுத்தும் சான்று அரிது.

என் முன்னுள்ளது 1972 இல் வலிகாமத்துக் கிராமமொன்றில் நடைபெற்ற அம்மம்மாவின் கலியாண அல்பம். கறுப்பு வெள்ளைப் படங்கள் பன்னிரண்டு. தாலி கட்டும் படத்திலே மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் கழுத்தருகே நிற்க, இருவர் கண்களும் கமெராவை நோக்குகின்றன. அறுகரிசி போடும் பெரியவரின் கைகளும் அசையாது காத்திருக்கின்றன. முதற் பதினொரு படங்களிலும் எவர் முகத்திலும் சிரிப்பில்லை. இவை மகிழ்ச்சியின் பதிவுகளல்ல. காணி உறுதியிலே சாட்சிகள் இட்ட கையொப்பங்களை ஒத்தவை.

கிராமத்துக் கலியாணத்தின் களிப்போ வேறிடத்தில் இருந்தது. பலகாரச் சூட்டன்று அடுப்பைச் சூழ்ந்திருந்த பெண்களின் பகிடியிலும், பந்தலுக்குக் கிடுகு சுமந்த இளைஞரின் ஆரவாரத்திலும், கெட்டிமேளத்திலும் அது இருந்தது. பந்தலுக்கு வெள்ளை கட்டிய சலவைத் தொழிலாளர் எப்படத்திலும் இல்லை. தவில்காரரின் தோளொன்று மட்டும் ஒரு படத்தின் ஓரத்திலே தெரிகின்றது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி தோன்றிய மண்ணிலே, அவர் வாழ்ந்திருந்த காலத்திலேயே எடுக்கப்பட்ட படம் இது! எவருடைய உழைப்பால் கலியாணம் நடந்ததோ, அவர்களைச் சாதியம் சபைக்கு வெளியே நிறுத்திற்று. கமெரா படத்துக்கு வெளியே நிறுத்திற்று.

படச்சுருளின் விலையே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறலாம். 120 அளவுச் சுருளொன்றிற் சதுரப் படங்கள் பன்னிரண்டே எடுக்கலாம். ஒன்றையும் வீணாக்க இயலாது. இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. இன்று ஒரு கலியாணத்தில் ஆயிரக்கணக்கான படங்களை எடுக்க முடியும். ட்ரோன் கமெரா பந்தலுக்கு மேலே பறக்கின்றது. ஆயினும் மணமக்கள் பணிக்கப்பட்டவாறு சிரிக்கின்றனர். கிடாரத்தருகே நிற்பவர் இன்றும் அல்பத்தில் இடம்பெறுவது அரிது. மாறியது கருவி, பார்வையன்று.

ஒப்புநோக்குவதற்கு ஓர் ஓவியம் உண்டு. பீற்றர் புறூகல் 1567 அளவில் வரைந்த குடியானவர் கலியாணம், வியன்னாவிலுள்ள கலை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கின்றது. அதிலே பெண் சற்றுப் பின்னே, பச்சைத் துணியின் முன்பாகக் கைகோத்து அமைதியாக வீற்றிருக்கின்றாள். மாப்பிள்ளை யாரென்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. முன்னே பெரிதாகத் தோன்றுவோர், கழற்றிய கதவொன்றில் உணவைச் சுமந்துவரும் பரிமாறுவோரே. கீழே தட்டை வழித்துண்ணும் குழந்தை; அருகே உணவையே நோக்கி நிற்கும் பைக்குழற் கலைஞர். ஓவியர் தாம் விரும்பியவாறு இடம் வகுக்கலாம்; கூலிக்கு அழைக்கப்பட்ட புகைப்படக்காரருக்கு அச்சுதந்திரம் இல்லை. எனவே குறை அவருடையது மட்டுமன்று; இத்தகைய படங்களையே கேட்டு வாங்கும் நம்முடையதுமாகும்.

அல்பத்தின் இறுதிப் படம், சுருளை முடிப்பதற்காகச் சமையற் கொட்டிலிலே எடுக்கப்பட்டது. கிடாரத்தின் ஆவியிலே முகங்கள் மங்கியிருக்கின்றன. ஒருத்தி வாயைப் பொத்திச் சிரிக்கின்றாள். “அது பழுதாய்ப்போன படம்” என்பார் அம்மம்மா. ஆயினும், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது உடுபுடைவையோடு அவர் சுமந்து சென்ற இவ்வல்பத்தில், நெடுநேரம் நோக்குவது அப்படத்தையே. விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுப் பெயர் சொல்வார். அவர்களுள் இருவருக்கு வேறு படமே இல்லை. இனி எடுக்கப்படும் படங்கள் அக்கொட்டிலிலிருந்து தொடங்குமாயின், கலியாணம் யாருடைய மகிழ்ச்சி என்ற வினாவுக்கு நேர்மையான விடை கிடைக்கும்.