கடலோரக் கச்சேரியும் காசிமேட்டு இரவும்

மேடைக் கச்சேரியை அப்படியே பதிந்து வெளியிட்ட இசைத்தட்டுகளில் பியானோக்காரர்களுடையவை தனி வகை. பாடகருக்குத் தன் குரல் இருக்கிறது. வயலின்காரர் தன் பெட்டியோடு வந்து இறங்குகிறார். பியானோக்காரருக்கோ, போன ஊரின் அரங்கில் எந்தப் பியானோ கிடக்கிறதோ அதுதான் பெரும்பாலும் வாத்தியம். அதனால் அவருடைய கச்சேரிப் பதிவில் ஊரும் சேர்ந்து பதிவாகிவிடுகிறது.

இதற்கு ஜாஸ் பியானோக்காரர் எரோல் கார்னரை விட நல்ல சாட்சி இல்லை. 1955 செப்டம்பர் 19 அன்று, கலிபோர்னியாவின் கார்மல் என்ற கடலோரச் சிற்றூரில், ஒரு பள்ளிக்கூட அரங்கில் அவர் வாசித்தார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர். உயரம் போதாமல் டெலிபோன் டைரக்டரியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து வாசிப்பவர். பக்கத்து ராணுவ முகாமிலிருந்து சிப்பாய்கள் கேட்க வந்திருந்தார்கள். வெளியிடும் எண்ணத்தோடு அன்று யாரும் பதியவில்லை. சும்மா ஓடிக்கொண்டிருந்த டேப்பைக் கார்னரின் மேலாளர் மார்த்தா கிளேசர் கைப்பற்றிக் கொலம்பியா நிறுவனத்திடம் சேர்த்தார். பியானோவில் சுருதி சுத்தமில்லை. எடி கால்ஹவுனின் பாஸ் அமுங்கிப்போயிருக்கிறது. ஆனால் இடது கை கிட்டார் மீட்டுவதுபோல் தாளத்தை விடாமல் பிடித்திருக்க, வலது கை ஒரு நூலிழை பின்தங்கி வந்து சேரும் அந்த விளையாட்டையும், நடுநடுவே அவர் தொண்டையிலிருந்து வரும் முனகலையும், அதைக் கேட்டுக் கூட்டம் கிளர்வதையும் எந்த ஸ்டூடியோவும் தந்திருக்காது. 1956-இல் 'கான்சர்ட் பை தி சீ' என்ற பெயரில் வந்த அந்தத் தட்டு, ஜாஸ் இசையில் மிக அதிகம் விற்றவற்றில் ஒன்றாயிற்று. அன்றைய கச்சேரி முழுவதும் வெளிவர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பியானோக்காரர் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று கொலோன் நகரில் வாசித்ததும் இதே கதைதான்: பழுதான சிறிய பியானோ, அதன் குறைகளைச் சுற்றியே வளர்ந்த இசை.

பியானோவுக்கும் நம் வடசென்னைக் கரைக்கும் பழைய உறவு உண்டு. துறைமுகம் கட்டப்படும் முன் சென்னையில் கப்பல் சரக்கு பெரும்பாலும் மசூலா படகில் அலை தாண்டித்தான் கரையேறியது. 1842-இல் மிஸ்க்வித் தொடங்கிய இசைக்கருவிக் கடைதான் இன்றைய மியூசி மியூசிக்கல். அக்காலத்தில் சீமையிலிருந்து வந்த பியானோக்களையும் இந்தக் கரையின் படகுக்காரர்களே சுமந்து இறக்கியிருக்க வேண்டும். வாத்தியம் வடக்கே இறங்கியது; கச்சேரி தெற்கே நடந்தது.

1958-இல் ஜாஸ் பியானோக்காரர் டேவ் பிரூபெக் தன் நால்வர் குழுவோடு அமெரிக்க அரசின் செலவில் உலகம் சுற்றியபோது சென்னைக்கும் வந்தார். இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தாளத்தை அந்தக் குழு வியந்து கேட்டது. டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவுக்கு அது பெரிய பாடம். அதே பயணத்தில் கோபன்ஹேகனில் நடந்த கச்சேரி நேரடி இசைத்தட்டாக வந்தது. ஆசியப் பயணத்துக்குக் கிடைத்ததோ, ஊர் திரும்பியபின் ஸ்டூடியோவில் பதிந்த 'ஜாஸ் இம்ப்ரஷன்ஸ் ஆஃப் யூரேசியா'. நல்ல தட்டுதான். ஆனாலும் ஐரோப்பிய நகரத்துக்கு மேடை, நமக்கு நினைவுக் குறிப்பு என்ற இந்தப் பங்கீடு எனக்கு உறுத்துகிறது.

சென்னைக்குள்ளேயும் அதே பங்கீடு நடந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-இல் ஐ.நா. சபையில் பாடியது இசைத்தட்டானது. பிறகு சார்சுர் போன்ற நிறுவனங்கள் டிசம்பர் சீசன் கச்சேரிகளை மேடையிலேயே பதிந்து வெளியிட்டன. ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தவை தனிச் சேமிப்பு. இவற்றில் தம்பூரா, இருமல், 'சபாஷ்', மின்விசிறி எல்லாம் இருக்கின்றன. இப்படிப் பதிவான சென்னை சபாக்களின் ஊர். வடக்கே, தியாகராஜர் திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய திருவொற்றியூருக்கோ, திருவொற்றியூர் தியாகய்யர் என்று ஊரையே பெயரில் தாங்கிய வாக்கேயக்காரர் வாழ்ந்த தெருக்களுக்கோ இந்தப் பதிவுலகில் பெரிய இடம் கிடைக்கவில்லை.

வடசென்னையின் கச்சேரி கானா. ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவது மரண கானா. டோலக், சட்டி, டேப் மேளம், சில குழுக்களில் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாரா, பின்னாளில் கீபோர்டு. இறந்தவர் பெயரும் வாழ்க்கையும் அந்த இடத்திலேயே பாட்டில் ஏறும். உறவினர் அழுதால் பாடகர் நின்று, வேறு வரிக்குப் போவார். விடிய விடிய நீளும் இந்த வடிவம் ஊருக்கு வெளியே தெரியவந்தது நாலைந்து நிமிடத் துண்டுகளாகத்தான். 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதைத் திரைக்குக் கொண்டுபோய்ப் பெரும் வாசலைத் திறந்தார். ஆனால் திரைப்பாட்டில் இரவு இல்லை, இறந்தவர் இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியபோது கானா தலைநிமிர்ந்து நின்றது. அதை நான் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். அந்த மேடையும் வடக்கே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வடக்கே இருக்கும் எண்ணூர்க் கழிமுகமே காட்சியாக நின்றது அதற்கு முந்தைய ஆண்டு, 2017-இல் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியில். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய அதில், அனல்மின் நிலையங்களின் நடுவே கர்நாடக ராகங்கள் ஒலித்தன. அந்த நீரும் சாம்பலும் ராகத்தோடு சேர்ந்து பலர் கண்ணில் பட்டன.

கார்மல் பள்ளிக்கூட அரங்கில் நடந்ததை இங்கே செய்யத் தடை ஒன்றும் இல்லை. இரண்டு நல்ல மைக், நீளமாக ஓடும் ஒரு ரெக்கார்டர் போதும். கன்டெய்னர் லாரியின் ஹாரன், காசிமேட்டுப் படகு எஞ்சின், இடையில் டீ கேட்கும் குரல் எதையும் வெட்டக் கூடாது. சாவு வீடு என்றால் குடும்பத்தின் சம்மதம் முதலில். அவர்கள் வேண்டாம் என்றால் மைக்கை எடுத்துவிட வேண்டும். பாடகரின் பெயரோடு டோலக்காரர், சட்டிக்காரர் பெயரும் உறையில் வர வேண்டும், வரும் பணத்தில் அவர்களுக்கும் எழுதிக் கொடுத்த பங்கு வேண்டும். கார்னரின் உரிமைக்காகக் கொலம்பியாவோடு வழக்காடி வென்றவர் அதே மார்த்தா கிளேசர். கானாவுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும்.