நாலு நட்டும் பூட்டுப்பட்டால் போதுமா?

“நாலு நட்டும் பூட்டுப்பட்டால் போதும், மெல்ல மெல்லப் போகலாம்.” சில்லுக்குக் காற்றுப் போய் வீதியோரம் நிற்பவருக்கு யாழ்ப்பாணத்தில் முதலில் கிடைக்கும் ஆலோசனை இது. சொல்பவர் பெரும்பாலும் அனுபவசாலி. அவர் பேச்சை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் ஒரு காலமே நிற்கிறது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உதிரிப்பாகமும் கையில் அகப்பட்டதுதான். அந்தக் கார்களுக்கு மேலே சொன்ன ஆலோசனை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வீதிகள் குண்டும் குழியுமாகக் கிடந்ததால் வேகத்துக்கே வழியில்லை. ஸ்பெயரும் மற்றச் சில்லுகளின் அளவிலேயே இருந்தது. சில்லின் சுற்றை எண்ணிப் பிரேக்கை ஆளும் ஏபிஎஸ் கிடையாது. இயந்திரம் தள்ளியது பின்சில்லுகளை.

இன்று வீதியில் ஓடுபவை அக்குவா, விற்ஸ், வாகன் ஆர் போன்றவை. இவற்றை இழுப்பது முன்சில்லு. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினால் சில கார்களில் ஒல்லியான ஒரு சில்லு கிடக்கும். அதில் ஆங்கில ‘ரி’ எழுத்தும், 80 என்று அச்சிட்ட ஒட்டியும் இருக்கும். சிலவற்றில் சில்லே இராது, காற்றடிக்கும் சிறு இயந்திரமும் அடைக்கும் திரவமும் மட்டும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்தான் எங்கோ கிடைத்த ஒரு சில்லை வாங்கி டிக்கிக்குள் போட்டுவைக்கிறார். அது பூட்டுப்படுகிறது என்பது உண்மை. பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

கணக்குப் பார்ப்போம். 165/70, 14 அங்குல ரயர் போட்ட காரின் ஒரு பக்கத்தில் 155/65, 14 அங்குல ரயரைப் பூட்டுகிறோம். விட்டத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். பார்வைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு கிலோமீற்றருக்குள் சிறிய சில்லு மற்றதைவிட 29 சுற்று அதிகமாகச் சுற்றவேண்டும். அது முன்சில்லானால் அந்த 29 சுற்றையும் தாங்குவது டிபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள். அவை திருப்பங்களுக்காகச் செய்யப்பட்டவை, நேர்வீதியில் அவற்றுக்கு ஓய்வு. இப்போதோ ஒவ்வொரு கிலோமீற்றரும் காரைக் கிட்டத்தட்ட ஆறு முழு வட்டம் அடித்ததற்குச் சமம். கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வர நூறு வட்டத்துக்கு மேல் போய்விடும். டிபரன்ஷியல் உடனே உடையாது. சூடேறும், தேயும், பழுது தெரியவரும் நாளில் எந்தச் சில்லால் வந்தது என்று எவருக்கும் நினைவிராது.

ஆகவே முன்சில்லுக்குக் காற்றுப் போனால் நல்ல பின்சில்லொன்றை முன்னே கொண்டுவந்து, பொருந்தாததைப் பின்னே பூட்டுவதே முறை. இதற்கும் மறுப்பு உண்டு. பின்னே பிடிமானம் குறைந்தால் ஈரவீதித் திருப்பத்தில் வால்பக்கம் வழுக்கும். அதைவிட வலுவான மறுப்பு, இரண்டு தரம் ஜக் வைக்கவேண்டும் என்பது. இருபுறமும் கடல் கிடக்கும் பண்ணை வீதியிலோ, பொன்னாலைப் பாலத்திலோ, இரவில், பஸ் உரசிப்போகும் இடத்தில் அரைமணி குந்தியிருப்பது டிபரன்ஷியல் தேய்வைவிடப் பெரிய ஆபத்து. அங்கே முதல் வேலை அந்த இடத்தை விட்டு வெளியேறுவது. கிடைத்ததை முன்னே பூட்டி ஊர்ந்து கரைசேர்ந்து, வெளிச்சமான இடத்தில் நின்று மாற்றிக்கொள்ளலாம். உயிருக்குப் பிறகுதான் பற்சக்கரம்.

அந்த 80ஐயும் பலர் தவறாக வாசிக்கிறார்கள். அது மணிக்கு 80 கிலோமீற்றர் என்ற உச்ச வேகம். எவ்வளவு தூரமும் போகலாம் என்ற உத்தரவாதமல்ல. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிப்பதே 70தான். ஆக, ஒட்டியைப் பார்த்து ஓடுபவர் வழமையான வேகத்திலேயே ஓடுகிறார். ஒல்லியான ரயருக்கு நிலத்தோடு தொடுகை குறைவு, பிரேக் பிடித்தால் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ9 வீதியில் வெள்ளம் தேங்கி நிற்கையில் 50ஐத் தாண்டவே கூடாது என்பது என் முடிவு. வேறு காரிலிருந்து எடுத்த சில்லுக்கோ அந்த ஒட்டியின் துணைகூட இல்லை.

வயதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. எனவே இங்கே ஓடும் பெரும்பாலான கார்களின் ஸ்பெயர் அதற்கு முன்னர் வந்தது. ஓடாததால் புதிதுபோல மினுங்கும், றப்பர் கிழடாகியிருக்கும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் கடந்ததை நான் நம்பமாட்டேன்.

என் தீர்ப்பு இதுதான்: பொருந்தாத சில்லு ரயர் கடைவரை போவதற்கு, பயணத்தைத் தொடர அல்ல. யாழ்ப்பாணம், சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி என்று ஒட்டுக்கடை இல்லாத பட்டினம் இங்கே இல்லை. பழைய ஆலோசனையில் ‘மெல்ல’ என்ற சொல் மட்டுமே இன்றும் செல்லும்.

‘ரி’ எழுத்துள்ள ஒல்லிச் சில்லுக்கு வேண்டிய காற்று 60 பி.எஸ்.ஐ. மற்றச் சில்லுகளுக்கு அடிக்கும் முப்பத்துச் சொச்சம் அதற்குப் போதாது. அடுத்தமுறை காற்றடிக்கப் போகும்போது டிக்கியையும் திறந்து காட்டி, “இதுக்கு அறுபது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.