ரீஸ்லிங்கின் பிள்ளைகள்

ஜெர்மன் வெள்ளை ஒயினை ஒற்றை பாட்டிலோடு ரசிக்க முயல்வது வீண். இரண்டு வேண்டும்: ஒன்று ரீஸ்லிங், இன்னொன்று அதற்குப் பிறந்த ரகம். இரண்டுமே லேபிளில் 'ட்ரோக்கன்' என்று போட்டதாக இருக்கட்டும். இனிப்பு குறைவாக இருந்தால்தான் திராட்சையின் குணம் மறையாமல் தெரியும். எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி போதும். அதற்குமேல் குளிரவைத்தால் வாசம் எழாது.

முதலில் ரீஸ்லிங்கைக் குடித்துப் பாருங்கள். பச்சை மாங்காயைக் கடித்ததுபோல் தாடையோரம் நீர் ஊறும். அந்தப் புளிப்பை நினைவில் வையுங்கள், மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம். சில ஆண்டுகள் பழகிய ரீஸ்லிங்கில் லேசாகப் பெட்ரோல் வாடை வரலாம். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், அதற்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு. 1435-லேயே ருஸ்ஸல்ஸ்ஹைம் கோட்டைக் கணக்கில் பெயர் ஏறிய ரகம் இது. பெற்றோரில் ஒன்று ஹொய்னிஷ். மட்டமான திராட்சை என்று அந்தக் காலத்தில் ஏளனம் செய்யப்பட்ட கொடி. பிரான்சின் ஷார்டொனேயும் அதற்குப் பிறந்ததுதான்.

அடுத்து முல்லர்-துர்காவ். ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும். குளிர் முந்திக்கொண்டால் விவசாயிக்கு நட்டம். சீக்கிரம் பழுக்கும் ரகம் ஒன்றை உருவாக்க நினைத்த ஹெர்மன் முல்லர், 1882-ல் கைசன்ஹைமில் இந்தக் கலப்பைச் செய்தார். ரீஸ்லிங்கை வைத்த வாயோடு இதைக் குடித்தால் புளிப்பு சட்டென்று இறங்கிவிடும், பூ வாசம் மட்டும் மெலிதாக மிஞ்சும். சாதுவான பிள்ளை. எனக்கு அரை கிளாஸுக்கு மேல் சலித்துவிடும்.

ரீஸ்லிங்கையும் சில்வானரையும் கலந்து பிறந்தது என்றே இதைப் பற்றி வெகுகாலம் எழுதிவந்தார்கள். மரபணு சோதனை வந்த பிறகு, சில்வானர் இருந்த இடத்தில் மதலேன் ரோயால் என்ற ரகம் உட்கார்ந்தது. 1916-ல் அல்சாயில் கியோர்க் ஷாய் உருவாக்கிய ஷாய்ரேபேவுக்கும் இதே கதைதான். அதன் பெற்றோரும் ரீஸ்லிங், சில்வானர் என்றார்கள். ரீஸ்லிங் சரி, மற்றது புக்கெட்ரேபே என்று தெரிய 2012 ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், புக்கெட்ரேபே சில்வானருக்கும் டிரோலிங்கர் என்ற சிவப்புத் திராட்சைக்கும் பிறந்தது. ஆக, அப்பா என்று நினைத்த சில்வானர் தாத்தாவாகிவிட்டார்!

நாக்கு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா? நீங்களே சோதிக்கலாம். ஃபிராங்கன் வட்டாரத்துச் சில்வானர் ஒன்றை, தட்டையான போக்ஸ்பாய்டல் பாட்டிலில் வருவதை, வாங்கி நடுவில் வையுங்கள். மண் வாசமும் அடக்கமும் கொண்ட ஒயின் அது. ஷாய்ரேபேயோ கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே பம்பளிமாஸ், பிளாக்கரண்ட் என்று கத்தும். இந்தக் கத்தல் சில்வானரிடமிருந்து வந்திருக்கும் என்று எப்படி நம்பினார்களோ! புளிப்பு மட்டும் சந்தேகமில்லாமல் ரீஸ்லிங்குடையது.

இன்னொரு கிளாஸுக்கு இடமிருந்தால் கெர்னர். 1929-ல் அதே டிரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் கலந்து வைன்ஸ்பெர்கில் உருவாக்கினார்கள். பெற்றோரில் ஒன்று சிவப்பு, பிள்ளையோ வெள்ளை. முல்லர்-துர்காவில் காணாமற்போன புளிப்பு இதில் நன்றாகவே தங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மாலையில் வைப்பதானால் சில்வானர், முல்லர்-துர்காவ், ரீஸ்லிங், கெர்னர் என்று போங்கள். ஷாய்ரேபே கடைசியில்தான், அதை முன்னால் ஊற்றினால் மற்ற நான்கும் வெறும் தண்ணீர்.