பூசை காணலும் திரை நோக்கலும்

சமய வழக்காறு ஒன்று மாறுங்கால் அம்மாற்றத்தை முதற்கண் புலப்படுத்துவது வினைச்சொல்லேயாகும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் 'பூசை கேட்டல்' என்பது பழைய வழக்கு. இலத்தீனும் அவ்வாறே கூறும். தமிழ்க் கத்தோலிக்கரோ 'பூசை காணல்' என்றே நெடுங்காலம் வழங்கினர். கூத்தும் வேடிக்கையும் 'பார்த்தல்' என்னும் சொல்லுக்கு உரியவாயின. பூசை 'காணல்' என்னும் சொல்லுக்கு உரியதாயிற்று. இவ்வேறுபாடு தற்செயலாக அமைந்தது என்று கொள்ளற்கில்லை.

இன்று திருத்தந்தையின் திருப்பலியைத் தொலைக்காட்சியில் நோக்குவோர், தம்முள் அதுபற்றி உரையாடுங்கால், 'பார்த்தோம்' எனவும் 'கண்டோம்' எனவும் 'பங்கெடுத்தோம்' எனவும் மூவகையாக மொழிவர். இவற்றுள் எது பொருந்தும் என்னும் வினா சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. கோயிலுக்கு நடந்து செல்லும் வலியற்ற முதியோரும் நோயாளரும் வழிபடுவோர் எனப்படுவரா, வேடிக்கை பார்ப்போர் எனப்படுவரா என்பது இவ்வினாவின் விடையைப் பொறுத்ததாகும்.

இதனை ஆராய்தற்கு ஏற்றதொரு நிகழ்ச்சி 2022 மே 15-ஆம் நாள் ஞாயிறன்று நிகழ்ந்தது. நட்டாலத்திற் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை, மறைந்த திருத்தந்தை பிரான்சிசு அன்று உரோமையிற் புனிதர் என அறிவித்தார். அவருடன் அந்நிலை எய்தினோர் ஒன்பதின்மர். விழாவையொட்டித் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஆங்கே பாடப்பெற்றது. உரோமையிற் காலை பத்து மணி, தமிழகத்தில் நண்பகல் கடந்து ஒன்றரை மணி. எனவே ஈண்டுள்ளோருட் பலர்க்கு அவ்வொளிபரப்பு காலையில் தம் ஊர்க் கோயிலிற் கண்ட பூசையின் மேல் வந்ததொரு மிகையாயிற்று. வீட்டை விட்டு வெளிவர இயலாதார்க்கோ அந்நாளில் வாய்த்த பூசை அஃதொன்றேயாயிற்று. ஒரே காட்சி இருதிறத்தார்க்கும் ஒரே பொருள் தந்திராது என்பது தெளிவு.

திரை தரும் காட்சியின் இயல்பு யாது? கோயிலில் நிற்பவன் தன் கண்ணைத் தான் விரும்பிய இடத்தில் நிறுத்துவான். தலை கவிழ்ந்து கண்ணை மூடவுஞ் செய்வான். திரையின்முன் இருப்பவனுக்குப் படக்கருவியே கண்ணாகிறது. அண்மையிற் காட்டப்படும் முகமும், ஆடையும், கூட்டத்தின் பரப்பும் அவன் பேச்சிற்குப் பொருளாகின்றன. முழங்கால் நோயால் வருந்திய திருத்தந்தை அம்மாதத்திலேயே பொதுவிடங்களிற் சக்கர நாற்காலியில் தோன்றத் தொடங்கியிருந்தார். அவர்தம் நடையின் தளர்ச்சியை இரங்கிப் பேசுவது அன்பின் பேச்சேயாம். எனினும் அது கண்ட பொருளைப் பற்றிய பேச்சேயன்றிச் செய்த வழிபாட்டைப் பற்றிய பேச்சாகாது. பாடகர் குழுவை நன்றெனவும் அன்றெனவும் மதிப்பிடும் பேச்சு கூத்தினைப் பார்த்தோர் பேச்சிற்கு இன்னும் அணித்து. இவற்றிற்குப் 'பார்த்தோம்' என்னும் சொல்லே தகும்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, இறைமக்கள் வழிபாட்டில் ஊமைப் பார்வையாளராய் நிற்றலாகாது என வற்புறுத்திற்று. அதன்பின் 'பூசை' என்பது 'திருப்பலி' எனவும், 'காணல்' என்பது 'பங்கேற்றல்' எனவும் திருச்சபைத் தமிழில் மாறலாயின. இம்மாற்றத்தை வரவேற்றோர், பழைய சொல் செயலற்ற நிலையைக் குறித்தது எனக் கருதுவர். அக்கருத்து முழுதும் ஏற்புடைத்தன்று. தமிழ் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்துக் காண்டலை முதற்கண் வைத்தனர். பொருள் முன்நிற்க, அறிவு அதனை நேர்பட உணர்தலே காண்டல். பூசையைக் 'கண்ட' முன்னோர் பலிப்பொருளின் முன்னிலையில் தாமும் நின்றமையையே அச்சொல்லாற் குறித்தனர் எனல் பொருந்தும்.

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் பகுதியும், அதனையடுத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள காமநாயக்கன்பட்டியும் கரிசல் நிலத்தூர்கள். காமநாயக்கன்பட்டி வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய தலம். பழைய மதுரை மறைத்தளத்திற் குருக்கள் சிலரே, ஊர்களோ பல. குரு வாராத ஞாயிறுகளில் உபதேசியார் முன்னின்று செபஞ் சொல்ல, மக்கள் கூடி வழிபட்டனர். அவ்வுபதேசியர்க்கென்றே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' இயற்றினார். பூசை இல்லாத அந்நாள்களை எவரும் பூசை கண்ட நாள்களாகக் கூறிக்கொள்ளவில்லை. அக்கூட்டத்தை வறிதெனத் தள்ளவுமில்லை. சேய்மையையும் அண்மையையும் குழப்பாத அத்தெளிவு நமக்குப் பாடமாகும்.

திருச்சபையின் கருத்தும் இதனோடு ஒக்கும். 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தொலைக்காட்சிப் பூசை கடன்நாட்களின் பூசைக்கு ஈடாகாது எனவும், செல்ல இயலாதார்க்கு அது மிகுபயன் தரும் எனவும் தம் சுற்றுமடலில் உணர்த்தினார். மறுவாண்டு புனித கிளாரம்மாளைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். நோயுற்றுக் கிடந்த கிளாரம்மாள், தாம் செல்ல இயலாத கிறித்துமசுப் பூசையைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது வரலாற்று மரபு. அவ்வரலாற்றில் உயிர்ப்பொருளாய் நிற்பது சுவரில் தோன்றிய உரு அன்று; செல்ல விழைந்த உள்ளமேயாம்.

ஆதலின், கால் உடையவன் திரையோடு அமைந்து 'பூசை கண்டேன்' எனல் சொல்லைத் தேய்ப்பதாகும். படுக்கையிலிருந்தே செபமொழியுரைத்து, நற்கருணையை உள்ளத்தால் விழையும் முதியவளைப் 'பார்த்தாள்' எனல் அவளைக் குறைத்துரைப்பதாகும். தொலைக்காட்சி என்னும் தொடரில் 'தொலை'யைக் கருவி நீக்குவதன்று; 'காட்சி'யைக் காண்பவரே நிறைவிக்க வேண்டும். அவ்வாறு நிறைவிப்பார்க்குப் பழைய வினைச்சொல்லை மீளவும் வழங்குதல் தமிழ் மரபிற்கும் வழிபாட்டு நெறிக்கும் இழுக்காகாது என்பதே எம் துணிபு.